பார்த்தவள்

சூய்பிங் முன்னதாகவே வந்து மேஜை பிடித்திருந்தாள். சமையலறைக் கதவுக்கு அருகே, பலகாரத் தள்ளுவண்டிகள் வெளியே வந்ததும் முதலில் நிற்கிற மேஜை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹேமார்க்கெட்டின் அந்தச் சீன உணவகத்தில் அப்படி ஓர் இடம் கிடைக்க வேண்டுமானால் கடை திறக்கும் முன்பே மாடிப்படியில் வந்து நின்றிருக்க வேண்டும். நின்றிருக்கிறாள். கூட்டத்துக்கு மேலாகக் கையை உயர்த்தி, விமான நிலையத்தில் சொந்தக்காரரைக் கூப்பிடுகிறவள் மாதிரி ஆட்டினாள். லாய்ஹாவுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. என்ன தைரியம். எதுவுமே நடக்காத மாதிரி அல்லவா ஆட்டுகிறாள்.

வியாழக்கிழமை தொலைபேசியில் வந்ததும் இதே தோரணைதான். "லாய்ஹா, பார்த்து எவ்ளோ நாளாச்சு! டீ, பலகாரம்னு யம் சா போலாமா? நம்ம பழைய இடத்துக்கே." குளிர்காலத் தொடக்கத்தில் நின்றுபோன பேச்சு. இப்போது வசந்தம் முடியப்போகிறது, சிட்னித் தெருவெல்லாம் ஜக்கரந்தாப் பூ உதிர்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு குறுஞ்செய்தி இல்லை, நிலா விழாவுக்கு ஒரு வாழ்த்து இல்லை. போனைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் லாய்ஹா, "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டாள். இத்தனை மாதமாகச் சுவரோடும் பாத்திரத்தோடும் சண்டை போட்டுச் சலித்திருந்தாள். யாரோடு போட வேண்டுமோ அவளே கூப்பிடும்போது எதற்கு விட வேண்டும்? ஹர்ஸ்ட்வில்லில் ரயிலேறிய பிறகும் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை.

"உக்காருடி, உக்காரு. இளைச்சுப் போயிட்டியே!" என்றாள் சூய்பிங். லாய்ஹாவின் கிண்ணத்தையும் சாப்ஸ்டிக்குகளையும் தன் பக்கம் இழுத்து, முதல் தேநீரை ஊற்றி அலசினாள். தன்னுடையதை அலசும் முன் எதிரே இருப்பவளுடையதை அலசுவது அவளுடைய பழக்கம். சாமந்திப்பூ போட்ட கறுந்தேநீர். அதுவும் லாய்ஹாவுக்குப் பிடித்ததுதான். ஊற்றினாள். யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொல்லாத கான்டனீஸ்காரர் உலகத்தில் இல்லை. பேச்சு மும்முரத்தில் இருந்தாலும், கோபத்தில் இருந்தாலும், கை தன்பாட்டில் தட்டிவிடும். லாய்ஹா இரண்டு கைகளையும் மடியில் போட்டு ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள். சூய்பிங் கவனித்தாள். கோப்பை பாதி நிறைந்திருக்கும்போதே ஊற்றுவதை நிறுத்தி, கெண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அழகிங்களா! இறால் கொழுக்கட்டை, பன்றிக்கறி சியூ மாய், சூடா இருக்கு, எடுத்துக்குங்க!" வண்டிக்காரம்மாவுக்கு அந்தக் கூடத்தில் எல்லாப் பெண்களும் அழகிகள்தான், எண்பது வயதுக் கிழவியானாலும். சூய்பிங் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து அடுக்கினாள். இறால் கொழுக்கட்டை, அரிசிச் சுருள், வறுத்த முள்ளங்கிக் கேக், கறுப்பு அவரைச் சாற்றில் வெந்த கோழிக்கால். கோழிக்கால் சூய்பிங் வாயிலேயே வைக்க மாட்டாள். அதன் நகத்தைப் பார்த்தாலே குமட்டும் அவளுக்கு. லாய்ஹாவுக்காக எடுத்து, லாய்ஹாவின் பக்கம் தள்ளினாள்.

"எங்க வேலை பாக்குற இப்போ?"

"மீன் கடையில. ஐஸ்ல கைய வெச்சு இறால் உரிக்கிறேன்."

"அய்யய்யோ. அந்தக் கையோடவா? உனக்குத்தான் குளிர்ல விரல் வெடிக்குமே."

"வெடிக்குது" என்றாள் லாய்ஹா.

இந்த 'அய்யய்யோ'வில் பொய் இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சூய்பிங்குக்கு உண்மையாகவே வருத்தம். முகம் சுருங்கி, புருவம் ஏறி, கை நீண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் வரப் பார்த்துப் பாதியில் நின்றது. ஹாங்காங்கிலிருந்து புதிதாக வந்திருந்த நாட்களில், தேவாலயக் கூடம் ஒன்றில் நடந்த இலவச ஆங்கில வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் இவள். லாய்ஹாவின் கணவன் சமையற்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து போனபோது, தன் வீட்டை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள். தூக்கத்தில் அழுதால் எழுப்பாமல் முதுகைத் தடவிக் கொடுத்தவள். முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் லாய்ஹா தன்னோடு அவளுக்கும் சேர்த்துப் பேசி வாங்கிய வேலைதான் சூய்பிங் இன்றைக்கும் பார்க்கிற வேலை. வேறு யாராவது செய்திருந்தால் லாய்ஹா திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பாள்.

நடந்தது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரு வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது, அவ்வளவுதான். அந்த இல்லத்தில் ஸ்டாவ்ரோஸ் என்று ஒரு கிரேக்கத் தாத்தா இருந்தார். கால் தள்ளாடும், மூளை கத்தி மாதிரி. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் படுக்கையோரம் இருக்கிற மணியை அழுத்த வேண்டும். அழுத்துவார். தண்ணீருக்கு அழுத்துவார், ஜன்னலைத் திறக்க அழுத்துவார், சில நேரம் யாராவது வந்து பக்கத்தில் நிற்கட்டும் என்றே அழுத்துவார். மேற்பார்வையாளர் கெரிலினுக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. விறுவிறுவென்று உள்ளே போய், மணியின் வயரைச் சுவரிலிருந்து உருவி, கட்டிலுக்கு அடியில் போட்டாள். லாய்ஹா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். "அவருக்கு மணி வேணுமே" என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். "கொஞ்ச நேரம் கழிச்சு நானே மாட்டுறேன். நீ சாப்பாட்டுக் கூடத்துக்குப் போ" என்றாள் கெரிலின். லாய்ஹா போனாள். போகும்போது கதவருகே சூய்பிங், துவைத்த போர்வைகளைத் தாடை வரைக்கும் அடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

தாத்தா தானாகவே எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் கிடந்து, நுரையீரலில் சளி கட்டி, குளிர் உச்சத்துக்கு வரும் முன்பே செத்துப்போனார். அவர் விழுந்த அன்றைக்கே லாய்ஹா மேலிடத்தில் போய் நடந்ததைச் சொன்னாள். கெரிலின் கண்கலங்க வந்து உட்கார்ந்து, படுக்கை மாற்றும்போது லாய்ஹாதான் வயரைக் கழற்றினாள், திருப்பி மாட்ட மறந்துவிட்டாள், பாவம், வயசாகிறது என்றாள். சூய்பிங்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் அந்தப் பக்கமே போகலை. துணி அறையில இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, லாய்ஹாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள் சூய்பிங்.

வேலை போனது கூடப் பெரிதில்லை. தாத்தாவின் மகள் எலெனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் கேக் கடையிலிருந்து பாதாம் பிஸ்கட் கொண்டு வருவாள். அப்பாவுக்கு ஒரு டப்பா, லாய்ஹாவுக்கு ஒரு டப்பா. அடக்கத்தன்று லாய்ஹா கறுப்பு உடை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். எலெனி வாசற்படி வரைக்கும் இறங்கி வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தயவுசெஞ்சு போயிடுங்க" என்றாள். திட்டவில்லை, கத்தவில்லை. அந்தத் 'தயவுசெஞ்சு' லாய்ஹாவின் காதுக்குள் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது.

"சாப்பிடேன், ஆறிடும்" என்றாள் சூய்பிங்.

"எதுக்குக் கூப்பிட்டே?"

"ஏன், கூப்பிடக் கூடாதா? ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டு..."

"பிங். எதுக்குக் கூப்பிட்டே?"

சூய்பிங் சாப்ஸ்டிக்குகளைக் கீழே வைத்தாள். கெண்டியின் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தாள், வெந்நீர் ஊற்ற ஆள் வரட்டும் என்று. கெண்டியில் தேநீர் நிறையவே இருந்தது. பிறகு மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். போன மாதம் ஸ்டாவ்ரோஸ் தாத்தா இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிற பாட்டியம்மாள் ஒருத்தி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு உடைந்தது. மணி வயர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கும் கெரிலின்தான். வயரைக் கழற்றியது சூய்பிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் விசாரிக்க வருகிறார்கள்.

"நீ வந்து சொன்னா நம்புவாங்கடி. இது அவளோட வழக்கம், எனக்கும் இப்படித்தான் பண்ணினான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். உனக்கு இங்கிலீஷும் என்னை விட நல்லா வரும்."

லாய்ஹாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது தொண்டையிலிருந்து கோணலாக ஒரு சத்தமாக வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள் என்று தன்னையறியாமல் தான் நினைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நடுவில் ரயிலைவிட்டு இறங்காமல் வந்ததே அதற்காகத்தான் போல. அந்த அற்ப ஆசை மேல்தான் இப்போது எல்லாவற்றையும் விட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"ஓஹோ. உன் தலையில விழுந்ததும் என் ஞாபகம் வந்துடுச்சு."

"அப்படி இல்லடி..."

"வேற எப்படி? சொல்லு. கோழிக்கால் வாங்கிக் கொடுத்தா வாலாட்டிட்டு வந்துடுவேன்னு நெனச்சியா? என் புருஷன் செத்தப்போ பக்கத்துல படுத்தவளாச்சேன்னு வாயைத் திறக்காம இருந்தேன். உன்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட தப்பாப் பேசலை. தெரியுமா உனக்கு?"

குரல் ஏறிவிட்டிருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் கத்தினால்தான் பேச்சே கேட்கும், யாரும் திரும்பவில்லை. வண்டிக்காரம்மா மட்டும் நின்று, "அழகிங்களா, முட்டை டார்ட் இப்பத்தான் அடுப்புலேர்ந்து..." என்று ஆரம்பித்து, லாய்ஹாவின் முகத்தைப் பார்த்து, வண்டியை அப்படியே அடுத்த மேஜைக்குத் திருப்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு முதுகு ஒடிஞ்சு வீட்ல கிடந்தாரு அப்போ" என்றாள் சூய்பிங். "என் வேலையும் போயிருந்தா..."

"தெரியும். கஞ்சி கொண்டாந்து கொடுத்தது யாரு? நான்தானே. அதெல்லாம் வேண்டாம். நீ அன்னைக்கு எங்க நின்னே? அதை மட்டும் சொல்லு."

"இங்கயா?"

"இங்கதான். இந்த மேஜையில. நான்தான் விசாரிக்க வந்த ஆளு. சொல்லு, எங்க நின்னே?"

"...கதவுகிட்ட."

"என்ன பார்த்தே?"

"கெரிலின் வயரைப் பிடுங்கின மாதிரி..."

லாய்ஹா உள்ளங்கையால் மேஜையை அறைந்தாள். மூங்கில் கூடைகள் குதித்தன. இந்தத் தடவை பக்கத்து மேஜை திரும்பியது. "மாதிரியா? பிடுங்கின *மாதிரியா*?"

"பிடுங்கினா. பிடுங்கி, கட்டிலுக்கு அடியில போட்டா. நான் பார்த்தேன்." சூய்பிங்கின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. "போதுமா? பார்த்தேன். நீ வெளிய போனே. அவளும் போனா. அப்புறம் நான் உள்ள போனேன், போர்வையை வெக்க. தாத்தா கைய இப்படித் துழாவிட்டு இருந்தாரு. மணி எங்கம்மா, மணி எங்கன்னு என்கிட்ட கேட்டாரு. இதோன்னு சொன்னேன். சொல்லிட்டு, போர்வையை நாற்காலியில வெச்சிட்டு வந்துட்டேன்."

லாய்ஹாவுக்கு இது தெரியாது. இத்தனை மாதம் தன் மனதுக்குள் எத்தனையோ தடவை அந்த அறைக்குள் போய் வந்திருந்தாள். அவள் பார்த்த அந்த அறையில் தாத்தா தூங்கிக்கொண்டிருப்பார். பிறகு விழித்து, அவசரத்தில் எழுந்துகொள்வார். அவர் கேட்டிருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. மரியாதையாகக் கேட்டு, 'இதோ' என்ற பதிலை நம்பி, காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று.

"குனிஞ்சு எடுத்து மாட்டியிருக்கலாம்" என்றாள். குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. "குனிஞ்சிருந்தா போதும்."

"எனக்குத் தெரியாதா?" சூய்பிங் சீறினாள். முதல் தடவையாக நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீரும் அதற்கு மேல் கோபமும். "அவ பார்த்துட்டா என்ன பண்ணுவாளோன்னு பயந்தேன். பயந்தாங்கொள்ளிதான் நான், போ. நீ மட்டும் என்னவாம்? நீயும்தானே பார்த்தே? போன்னு அவ சொன்னதும் நீயும்தானே போனே? நீ குனிஞ்சியா?"

பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை கரண்டியால் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. லாய்ஹாவுக்கு முகத்தில் யாரோ வெந்நீரை விசிறிய மாதிரி இருந்தது. அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி. வேறு யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. மீன் கடையில் ஐஸுக்குள் கை விறைத்துப் போகும்போதெல்லாம், இந்த வலி உனக்கு வேண்டும் என்று உள்ளே ஒன்று சொல்லும். அது ஏன் என்று அவள் நின்று யோசித்ததில்லை.

"இல்ல" என்றாள். "குனியலை. போயிட்டேன்."

சூய்பிங் காத்திருந்தாள்.

"ஆனா அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்டி. அன்னைக்கே போய்ச் சொன்னேன். நான் பார்த்தேன், சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுட்டுப் போயிட்டேன்னு. அதுக்காக என்னை ஏதாவது பண்ணியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். நான் பண்ணாத தப்புக்குப் பண்ணாங்க. பண்ணவிட்டது நீ."

வெந்நீர்க்காரர் வந்து கெண்டியை நிரப்பி, மூடியை மூடிவிட்டுப் போனார். கோழிக்கால்மேல் கொழுப்பு உறைந்து வெள்ளைப் படலமாகிவிட்டது. லாய்ஹாவுக்குத் திடீரென்று பசித்தது. ஆத்திரத்தில் பசிக்கிற உடம்பு அவளுடையது. ஓர் இறால் கொழுக்கட்டையை எடுத்து முழுதாக வாயில் போட்டு மென்றாள். சப்பென்றிருந்தது. விழுங்கினாள்.

"செவ்வாய்க்கிழமை வருவியா?" என்று கேட்டாள் சூய்பிங்.

"அதை இப்ப கேக்காதே. முதல்ல எலெனிகிட்ட போ."

"எலெனியா? எதுக்கு?"

"எதுக்கா? அவங்கப்பன் செத்துப் போயிருக்கான். அவ யாரை வெறுக்கணும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? கோகராவுல ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புலதான் கடை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருப்பா. இப்பவே போ. விசாரணைக்கு முன்னாடி போ. உன் வேலைக்காகச் சொன்ன மாதிரி ஆகக் கூடாது."

"இன்னைக்கேவா... அவ என்னைக் கொன்னுடுவா."

"கொல்ல மாட்டா. 'தயவுசெஞ்சு போயிடுங்க'ன்னு சொல்லுவா. அது எப்படி இருக்குன்னு நீயும் கேட்டுட்டு வா."

சூய்பிங் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, எந்த வீட்டுக்குப் போனாலும் செய்கிறதைச் செய்தாள். எழுந்து நின்று கண்ணால் வண்டிகளைத் தேடி, "அந்த முட்டை டார்ட்டை ஒரு பெட்டியில போட்டுக் கட்டுங்கம்மா. இல்ல, ரெண்டு பெட்டியா..." என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

லாய்ஹா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவ்வளவு பலமாகப் பிடிக்க நினைக்கவில்லை. வெடித்த விரல் சுருக்கென்றது.

"ஒண்ணும் எடுத்துட்டுப் போகாதே."

"எப்படிடி? சாவு விழுந்த வீடு, வெறுங்கைய வீசிக்கிட்டு..."

"வெறுங்கையோட போ" என்றாள் லாய்ஹா. "பழம் வாங்காதே, பூ வாங்காதே. ஸ்டேஷன்ல ஒரு மிட்டாய் டப்பா கூட வாங்கக் கூடாது. அவ கடையில போய் நில்லு. ரெண்டு கையும் சும்மா இருக்கணும்."

சூய்பிங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைத் தோளில் மாட்டினாள். மேஜைகளுக்கு நடுவே, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, படி இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

லாய்ஹா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். கோபம் தீரவில்லை, கொஞ்சம் கூடத் தீரவில்லை. கீழே ஹே தெருவில் சந்தை முடிந்து வெளியே வருகிறவர்கள், காய்கறிப் பைகளும் தள்ளுகூடைகளும் தொட்டிச் செடிகளுமாக நிரம்பி வழிந்தார்கள். தெருமுனைப் போக்குவரத்து விளக்கடியில் சூய்பிங் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி எல்லார் கையிலும் ஏதோ ஒன்று தொங்கியது. அவள் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் கோத்தாள், பிரித்தாள், பக்கவாட்டில் தொங்கவிட்டாள், மறுபடி கோத்தாள். டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு கடந்தது. பச்சை விழுந்தது. கூட்டம் அவளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு தெருவுக்குள் இறங்கியது. இப்போது கடக்கலாம் என்று விளக்குக் கம்பம் படபடவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் கிடக்கிற கல் மாதிரி அவள் அங்கேயே நின்றாள். விளக்கு சிவப்புக்கு மாறியது. அடுத்த கூட்டம் வந்து அவள் பின்னால் சேர ஆரம்பித்தது.